மேக்னெட்டை சுத்தியலால அடிக்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் புதுவயல் பக்கத்துல விவசாயம் பாக்குறவன். எங்க பக்கம் வானம் பாத்த பூமிங்க, கதிர் வர்ற நேரத்துல கண்மாயில கெடக்குற கொஞ்ச தண்ணிய வயலுக்கு ஏத்தணும்னா சின்ன பெட்ரோல் இன்ஜின்தான் கதி. இப்போ களை எடுக்குற மிஷின், புல் வெட்டுற மிஷின்னும் நெறைய வந்துருச்சு.

போன கார்த்திகையில என் இன்ஜின்ல மேக்னெட்டுக்கு, அதாவது கிராங்க் தண்டு நுனியில மாட்டியிருக்குற காந்தம் வச்ச சக்கரத்துக்குப் பின்னாடி, எண்ணெய் வெளிய வராம தடுக்குற ஆயில் சீல் ஒழுகுச்சுன்னு ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன், அங்க மேக்னெட்டை நேரா இழுத்துக் கழட்டுற புல்லர் இல்ல, ரெண்டு பக்கமும் திருப்புளிய குடுத்து நெம்பிக்கிட்டே கிராங்க் நுனியில சுத்தியலால போட்டாங்க. மேக்னெட் வந்துருச்சு, ஆனா நுனி மரை பூராம் நசுங்கி நட்டு ஏறல, கிராங்கும் லேசா வளைஞ்சு புது சீலும் ஒரு வாரத்துல ஒழுக ஆரம்பிச்சுருச்சு. கிராங்க் வாங்கின காசைவிட அந்த பத்து நாள் தண்ணி இல்லாம காஞ்ச பயிர்தான் இன்னும் மனசுல நிக்குது.

மேக்னெட் ஏன் இறுகிக் கெடக்குன்னா, கிராங்க் நுனி டேப்பரா, அதாவது முனைக்குப் போகப் போக சிறுத்து இருக்கும், மேக்னெட் ஓட்டையும் அதே டேப்பர், நட்டை முடுக்க முடுக்க ஒண்ண ஒண்ணு கவ்விக்கும். உள்ள இருக்குற கீங்குற சின்ன இரும்புத் துண்டு டைமிங்குக்காக, அதாவது சரியான நேரத்துல பிளக்குல பொறி விழுறதுக்காக மட்டுந்தான். அதனால நேரா இழுத்தாத்தான் விடும்.

அதுக்கப்புறம் நானே ஒரு புல்லர் செஞ்சேன். பழைய இரும்புக் கடையில 10 எம்.எம். கனத்துல ஒரு பட்டை வாங்குனேன். மேக்னெட் மேல தாளை வச்சு எண்ணெய்க் கையால தேச்சா நடு ஓட்டையும் பக்கத்துல மரை போட்ட ரெண்டு ஓட்டையும் அச்சா விழுந்துரும், அதை பட்டையில ஒட்டி பஞ்ச் அடிச்சு துளை போட்டு, நடுத் துளை மேல ஒரு பெரிய நட்டை வெல்டிங் வச்சாச்சு. பக்கத்து ரெண்டு போல்டும் மேக்னெட்டைப் புடிச்சுக்கும், நடு போல்ட் கிராங்க் நுனிய தள்ளும். நடுவுல போற போல்ட் 8.8 நம்பர் போட்ட ஹை டென்சில், அதாவது பலம் கூடுன போல்ட்தான் வேணும், சாதா போல்ட்னா மரை உரிஞ்சிரும். எல்லாம் சேத்து 200 ரூபாய் கூட ஆகல.

கழட்டும்போது கிராங்க் நட்டை முழுசா எடுக்காதீங்க, நுனியோட மட்டமா விட்டுட்டா மரையும் தப்பிக்கும், மேக்னெட்டும் தெறிச்சு விழாது. பக்க போல்ட் ரெண்டும் ஒரே அளவு நல்லா உள்ள ஏறணும், நாலு மரை மட்டும் புடிச்சுருந்தா மேக்னெட்டோட அலுமினியம் பிச்சிக்கிட்டு வந்துரும். நடு போல்டை முடுக்கிட்டு அதோட தலையில லேசா ஒரு தட்டு, டப்புனு விட்டுரும். மரை ஓட்டையே இல்லாத மேக்னெட்டுக்கு இது ஆகாது, அதை ஓரத்துல புடிச்சு இழுத்தா காத்து வீசுற இறக்கை ஒடிஞ்சிரும். திரும்ப மாட்டும்போது டேப்பர்ல எண்ணெய் பிசுக்கு இருக்கவே கூடாது, கீ லேசா வெட்டுப்பட்டிருந்தாலும் மாத்திருங்க, இல்லேன்னா டைமிங் தள்ளிப்போய் ஸ்டார்ட் பண்ண கயித்த இழுக்கும்போது கைய திருப்பி இழுக்கும்.

வேளாண் பொறியியல் துறைக்காரங்க மிஷின் பராமரிப்பு முகாம் போடும்போது இதையும் செஞ்சு காட்டணும், ஐ.டி.ஐ. பசங்களுக்கும் ஒரு தடவை கையால செய்யக் குடுக்கணும். உங்க விவசாயப் பக்கத்துல படத்தோட போட்டீங்கன்னா எங்க ஊர்க்காரங்க வெட்டி எடுத்து வச்சுக்குவாங்க, அளவெல்லாம் வரைஞ்சு அனுப்ப நான் தயாரா இருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
புதுவயல் வட்டாரம், சிவகங்கை மாவட்டம்