ரெப்போ இறங்கியது, என் வட்டி ஏன் முழுதாக இறங்கவில்லை?

மதிப்பிற்குரிய மண்டல மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆத்தங்குடியில் பூக்கல் (தரைக்குப் பதிக்கும் வண்ணக் கல்) பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் காரைக்குடிக் கிளையில் 2021 முதல் 25 லட்சம் ரூபாய்க்கு சி.சி. (கேஷ் கிரெடிட்) கடன் கணக்கு இருக்கிறது. போன வாரம் கிளையில் கேட்டதையே இங்கேயும் கேட்கிறேன். என் கடனுக்கான ஸ்ப்ரெட், அதாவது ரிசர்வ் வங்கி உங்களுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டிக்கு மேல் நீங்கள் சேர்க்கும் பங்கு, 4 சதவீதத்திலிருந்து 4.75 ஆனது என்றைக்கு, எதனால்? "சிஸ்டத்துல அப்படித்தான் வருது சார்" என்றார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கையெழுத்துப் போட்டபோது ரெப்போ 4, ஸ்ப்ரெட் 4, ஆக 8 சதவீதம். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போவை ஆறு முறை ஏற்றி 6.50 ஆக்கினார்கள். எனக்கும் கூடவே ஏறி 10.50 ஆனது. ரெப்போவோடு கட்டிய கடன், ஏறத்தான் செய்யும் என்று வாய் திறக்காமல் கட்டினேன். 2025-ல் நான்கு முறை குறைந்து, டிசம்பரில் ரெப்போ 5.25-க்கு வந்துவிட்டது. என் வட்டி 9.25 ஆகியிருக்க வேண்டும். 10-ல் நிற்கிறது.

முக்கால் சதவீதம்தானே என்பீர்கள். 25 லட்சத்துக்கு வருடம் 18,750 ரூபாய். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்களுக்குக் கல் காயாது. கண்ணாடியில் வண்ணம் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு எடுத்த கல்லைத் தொட்டியில் ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். வெயில் இல்லாவிட்டால் வேலை இல்லை. அந்த நாட்களுக்கு ஆட்களுக்கு அரைக்கூலி கொடுப்பது அப்பா காலத்து வழக்கம். போன கார்த்திகையில் வட்டி போக மீந்தது பாதிப் பேருக்குத்தான் ஆனது. இருபது வருடமாக எங்களிடம் வண்ணம் ஊற்றும் அக்கா, "இருக்கட்டும் தம்பி" என்று வெறுங்கையோடு போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஸ்ப்ரெட்டில் ரிஸ்க் பிரீமியத்தை, அதாவது கடன் திரும்பாமல் போகும் அபாயத்துக்காக வைக்கும் பகுதியை, கடன் வாங்கியவரின் தரம் பெரிதாக மாறினால்தான் மாற்றலாம். ஸ்ப்ரெட்டின் மற்ற பகுதிகளை மூன்று ஆண்டுக்கு ஒரு முறைதான் ஏற்றலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஒரு மாத வட்டிகூட நான் நிலுவை வைத்ததில்லை. மூன்று ஆண்டு முடிந்ததால் ஏற்றினோம் என்றால், அதையாவது தேதி போட்டு எழுத்தில் தாருங்கள்.

அந்தக் காலத்தில் ரங்கூனில் வட்டித் தொழில் செய்த செட்டிநாட்டு நகரத்தார் மாதந்தோறும் கோயிலில் கூடி 'நடப்பு வட்டி' இவ்வளவு என்று முடிவு செய்தார்கள். அந்த வட்டியில் வளர்ந்த சீமை இது. இங்கே கடன் வாங்குகிறவனுக்குத் தன் வட்டி தெரியவில்லை. நாற்பது பக்க ஒப்பந்தம், அத்தனையும் ஆங்கிலம். பென்சிலால் குறித்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். எங்கள் கல்லைப் பாரம்பரியம் என்று புகழாத அதிகாரி இல்லை. வட்டி மாறினால் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப ஆளில்லை.

மன்னிக்கவும், மனசு எங்கெங்கோ போய்விட்டது. கேட்பது ஒன்றுதான். ஸ்ப்ரெட் என்றைக்கு ஏறியது, எந்தப் பகுதி ஏறியது, எதனால் ஏறியது என்று எழுத்தில் கொடுங்கள். தவறு என்றால் கூடுதலாக எடுத்த வட்டியை என் கணக்கில் வரவு வையுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்று தெரியும். கிளையோடு மனக்கசப்பு வேண்டாம் என்றுதான் முதலில் உங்களிடம் வந்திருக்கிறேன். தயவுசெய்து அடுத்த மழைக்கு முன்னால் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஆத்தங்குடிப் பட்டறைக்காரன்