நட்சத்திர அட்டவணையைக் கிழித்துப் போட்டேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்ததைப் படித்தேன். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நடக்கும் வாசிப்பு வட்டங்கள் எல்லாவற்றிலும், ஓராண்டில் அதிகப் புத்தகம் படித்த குழந்தையைத் தேர்ந்தெடுத்துப் பரிசும் சான்றிதழும் தர வேண்டும் என்கிறார். நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தக் காரியத்தைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவன் நான். தழும்பைக் காட்டிவிட்டுப் போகிறேன்.

நான் 31 ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன். ஓய்வுபெற்ற பின், ஆறு ஆண்டுகளாக இன்னும் மூன்று பேருடன் சேர்ந்து ஒரு தொடக்கப்பள்ளியின் வகுப்பறையில் வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம். இரண்டாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பதினெட்டுப் பிள்ளைகள். முதல் கால் மணி நேரம் எங்களில் ஒருவர் உரக்கப் படிப்போம். அடுத்த அரை மணி அவரவர் கையில் அவரவர் புத்தகம். மிச்சமிருக்கும் கால் மணி பேச்சு. சில சனிக்கிழமைகளில் பேச்சு முக்கால் மணி ஆகிவிடும், நாங்கள் தடுப்பதில்லை.

இரண்டாம் ஆண்டில் எனக்கு அந்த யோசனை வந்தது. பழியை வேறு யார் மேலும் போட முடியாது, முழுக்க என்னுடையதுதான். பெரிய அட்டை ஒன்றில் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒரு புத்தகம் முடித்தால் ஒரு தங்க நிற நட்சத்திரம், இருபது சேர்ந்தால் பதக்கம் என்று அறிவித்துச் சுவரில் மாட்டினேன். முதல் மூன்று வாரம் ஒரே கொண்டாட்டம். அலமாரி காலியானது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்காம் வாரம்தான் அலமாரியைச் சரியாகப் பார்த்தேன். காலியாகியிருந்தது கீழ்த்தட்டு மட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்காக வைத்திருந்த எட்டுப் பக்கப் படப் புத்தகங்களின் தட்டு அது. நன்றாகப் படிக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அன்று ஒரே அமர்வில் பதினொரு புத்தகங்களை முடித்துக்கொண்டு வந்து நின்றான். அதில் ஏதாவது ஒன்றைப் பற்றிச் சொல் என்றேன். என்னை விசித்திரமாகப் பார்த்தான். "சார், நான்தான் முடித்துவிட்டேனே" என்றான். அவன் கேட்டது நியாயம்தான். நான் போட்ட ஒப்பந்தத்தில் புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி கடல் பயணக் கதை ஒன்றை எடுத்திருந்தாள். அவள் வயதுக்குக் கொஞ்சம் தடிமனான புத்தகம். ஐந்து வாரமாக அதையே படித்துக்கொண்டிருந்தாள். உதடு அசையும், சில இடங்களில் விரல் வரியிலேயே நின்றுவிடும். அட்டையில் அவள் பெயருக்கு எதிரே ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது. ஆறாம் வாரம் அதை அலமாரியில் வைத்துவிட்டு மூன்று மெல்லிய புத்தகங்களோடு உட்கார்ந்தாள். பிள்ளைகள் போன பிறகு அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். 112ஆம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது.

அட்டையை அன்றே கழற்றிக் கிழித்தேன். அடுத்த வாரம் நட்சத்திரம் அதிகம் வாங்கிய மூன்று பேர் அழுதார்கள், அவர்களுக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. ஒரு தந்தை வந்து, "பிறகு பிள்ளை முன்னேறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டார். அவருக்கும் அன்று பதில் சொல்லவில்லை. அந்தப் பெண் அந்தப் புத்தகத்தை மறுபடி எடுக்கவே இல்லை. டிக்கெட் இன்னும் அதே பக்கத்தில் இருக்கிறது.

உளவியல் படித்த என் மருமகள் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "மாமா, இதை 1973லேயே செய்து பார்த்துவிட்டார்கள்" என்றாள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு மழலையர் பள்ளியில் நடத்திய ஆய்வு அது. வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் பதித்த சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்குச் சொல்லாமல் வைத்திருந்து கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. பிறகு சில நாள் கழித்து, பேனாக்களை மேசைமேல் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். சான்றிதழ் பேசி வரையவைத்த குழந்தைகள், மற்ற இரு குழுவினரும் செலவிட்டதில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்களாம்.

பரிசு கொடுப்பதே பாவம் என்று இதற்குப் பொருள் இல்லை. சொல்லாமல் பெற்ற குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. முன்கூட்டிப் பேசிய பேரம்தான் கெடுத்திருக்கிறது. கடிதம் எழுதிய அன்பர் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அட்டை இருந்த இடத்தில் இப்போது இரண்டு வரி ஒட்டியிருக்கிறோம். பிரெஞ்சு எழுத்தாளர் தனியேல் பென்னாக் 1992இல் வாசகரின் உரிமைகள் என்று பத்து எழுதினார். முதலாவது, படிக்காமல் இருக்கும் உரிமை. இரண்டாவது, பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை. மூன்றாவது, முடிக்காமல் விடுவது. நான்காவது, படித்ததையே மறுபடி படிப்பது. மூன்றாவதையும் நான்காவதையும் நாங்கள் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். முதலாவதை ஒட்டும் துணிச்சல் எங்கள் நால்வருக்கும் வரவில்லை.

பத்துப் பக்கம் படித்துப் பிடிக்கவில்லையென்றால் புத்தகத்தைத் திருப்பி வைக்கலாம், ஆனால் ஏன் என்று ஒரு வரி சொல்ல வேண்டும். இதுதான் எங்கள் ஏற்பாடு. அந்த ஒரு வரிக்காகவே நான் சனிக்கிழமைகளில் எழுந்து போகிறேன் என்றால் மிகையில்லை. "நாய் பேசுகிறது, ஆனால் நாய் மாதிரி பேசவில்லை" என்றாள் ஒருத்தி. எங்கள் அச்சகத்துக்கு வந்த எத்தனையோ மதிப்புரைகளில் இவ்வளவு கறாரான வாக்கியத்தை நான் கண்டதில்லை. படித்ததையே படிக்கும் உரிமைக்கு ஒரு இரண்டாம் வகுப்புக் குழந்தை சொந்தக்காரி. ஒன்பது வாரமாக ஒரே கரடிப் புத்தகம். வேறு புத்தகம் கொடுங்கள் என்று வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஒன்பதாம் வாரம் அவள் பக்கத்தில் இருந்த பையனுக்கு அதைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கண் பையன் முகத்தில், கை சரியான வரியில் பக்கத்தைத் திருப்புகிறது. வேறு புத்தகம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி என் சொந்தக் குற்றம் ஒன்று. மெய்ப்புப் பார்த்த கை சும்மா இருக்காது. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என் அருகில் உட்கார்ந்து உரக்கப் படித்தான். புத்தகத்தில், "முயல் புதருக்குள் ஓடி ஒளிந்தது" என்று இருந்தது. அவன், "முயல் புதருக்குள் போய் ஒளிந்தது" என்றான். "ஓடி" என்று திருத்தினேன். அடுத்த வரியில் ஒரு ழகரம் ளகரமாக வந்தது, அதையும் திருத்தினேன். நான்காவது திருத்தத்துக்குப் பிறகு அவன் ஒவ்வொரு சொல்லையும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தான். கதை புத்தகத்தில் இருந்தது, பையன் என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தான். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருக்கிறார். அன்று பிள்ளைகள் போன பிறகு, "அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்" என்றார். வாயையும் சேர்த்துத்தான் சொன்னார்.

இப்போது மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன். பெரும்பாலும் மூன்று எண்ணுவதற்குள் பிள்ளை தானே திரும்பி வந்துவிடும். தமிழில் சின்னவர்கள் தடுக்கி விழும் இடம் பல நேரம் கொம்புதான், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன. (இந்தக் கொம்பு வேறுபாட்டை 18ஆம் நூற்றாண்டில் நமக்கு ஏற்படுத்திக் கொடுத்தவர் வீரமாமுனிவர். அவருக்கு முன் சின்னவர்கள் என்ன பாடுபட்டார்களோ.) "வேலிமேல் கோடி படர்ந்திருந்தது" என்று ஒரு சிறுமி படித்தாள். நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு. "கோடி எப்படிப் படரும்?" என்று அவளே கேட்டுக்கொண்டு, குனிந்து பார்த்து, "கொடி!" என்று சிரித்தாள். நான் முந்தியிருந்தால் அந்தச் சிரிப்பைத் திருடியிருப்பேன்.

எல்லாவற்றையும் விட்டுவிடுகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். "ஓடி" என்பதைப் "போய்" என்று படித்தால் கதைக்கு ஒன்றும் ஆகாது. "ஏறினான்" என்பதை "இறங்கினான்" என்று படித்தால் கதை கெட்டுவிடும். அப்போதும் வாக்கியம் முடியட்டும் என்று இருந்து, "இறங்கியவன் எப்படி மேலே இருந்த கூட்டை எட்டிப் பார்த்தான்?" என்று கேட்டால் போதும். பிள்ளையே போய்ச் சரிபார்த்துக்கொண்டு வரும்.

நன்கொடைப் புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மக்கள் தாராளமாகத் தருகிறார்கள். ஆனால் பாதிக்குப் பாதி, வீட்டைச் சுத்தம் செய்தபோது அகப்பட்டவை. பழைய தேர்வு வழிகாட்டிகள், ஆண்டறிக்கைகள், கடைசிப் பக்கம் இல்லாத துப்பறியும் கதைகள். 'ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர்' என்பது எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகளில் மூன்றாவது. அந்தக் குவியலின் முன் நிற்கும்போதெல்லாம் அவர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாரோ என்று எனக்குத் தோன்றும்.

ஒருமுறை அந்தக் குவியலிலிருந்து மஞ்சளாகிப்போன விலங்குக் கதைப் புத்தகம் ஒன்றை, மேலே சொன்ன அதே பதினொரு புத்தகப் பையனின் தம்பி உருவி எடுத்தான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானது. சற்று நேரத்தில் ஓடி வந்தான். "சார், இந்தப் புத்தகத்தில் யானைக்குத் தும்பிக்கை முளைத்திருக்கிறது!" படத்தில் இருக்கிறது போல என்று பார்த்தால், அவன் விரல் வைத்திருந்தது சொல்லின்மேல். பழைய 'னை' எழுத்து, முன்னால் தும்பிக்கை வளைத்துக்கொண்டு நின்றது. எத்தனை ஆண்டுகள் அந்த எழுத்தைக் கோத்தவர்களுக்கு நடுவே வேலை பார்த்திருக்கிறேன், 'யானை' என்ற சொல்லுக்குள்ளேயே தும்பிக்கை இருந்தது என் கண்ணில் பட்டதில்லை. அன்றைக்கு ணை, லை, ளை, னை எல்லாவற்றையும் கரும்பலகையில் பழைய வடிவில் எழுதிக் காட்டினேன். பிறகு ணா, றா, னா. ஒரு மாதம் ஐந்து பேர் தங்களுக்குள் அந்த எழுத்தில் இரகசியக் குறிப்பு எழுதி அனுப்பிக்கொண்டார்கள். ரங்கநாதனிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அதற்காகத் தேர்வு வழிகாட்டிகளை அனுப்பாதீர்கள்.

பேச்சு நேரத்தில் நாங்கள் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "இந்தக் கதையிலிருந்து நாம் தெரிந்துகொள்ளும் நீதி என்ன?" இதைக் கேட்ட மறுநொடி பிள்ளைகளின் முதுகு நிமிர்ந்துவிடும், குரல் மாறிவிடும், "பெரியோர் சொல் கேட்க வேண்டும்" என்று பதில் வந்துவிடும். கதையில் பெரியோர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அதனால், "எந்த இடத்தில் நிறுத்த மனம் வரவில்லை?", "யாரை உனக்குப் பிடிக்கவில்லை?" என்று கேட்கிறோம். பேச விரும்பாத பிள்ளை பேச வேண்டாம். ஏழு மாதம் வாயே திறக்காத ஒரு பையன் எங்களிடம் இருக்கிறான். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

அன்றைக்கு அந்தத் தந்தைக்குச் சொல்லாமல் விட்ட பதிலும் இதில் இருக்கிறது. எத்தனை புத்தகம் முடித்தது என்று எண்ணுவதற்குப் பதில், வீட்டுக்கு வந்து எதைப் பற்றியாவது வாய் ஓயாமல் பேசுகிறதா என்று பாருங்கள் ஐயா.

பரிசுக்குச் செலவிட நினைப்பவர்கள் தங்கள் சனிக்கிழமைகளைத் தரலாம். உதவ வருகிறவர்கள் முதல் வாரம் ஆர்வமாகப் படம் எடுக்கிறார்கள் (பெற்றோர் எழுத்தில் சம்மதம் தராமல் படம் எடுக்க விடுவதில்லை என்றதும் சிலருக்கு முகம் வாடுகிறது), இரண்டாம் வாரம் வருகிறார்கள், மூன்றாம் வாரம் காணோம். பிள்ளைகள் ஐந்தாம் வாரம்தான் ஒருவர் பக்கத்தில் தயங்காமல் உட்காருகிறார்கள். தொடர்ந்து பத்து வாரம் வர முடிந்தவர்கள் போதும், பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். அறைக் கதவு திறந்திருக்கும், எப்போதும் இரண்டு பெரியவர்களாவது இருப்போம். இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது.

ஆசிரியருக்கும் ஒரு விண்ணப்பம். சான்றிதழ் வாங்கும் படத்துக்கு ஒதுக்கும் இடத்தில் கால்வாசியை, மாதம் ஒருமுறை பிள்ளைகளின் புத்தகக் கருத்துகளுக்குத் தர முடியுமா? மாதிரிக்கு மூன்று இணைத்திருக்கிறேன். ஒன்றில், "இந்தக் கதையில் பாட்டி எதற்கு வருகிறார் என்று தெரியவில்லை. கடைசி வரை சும்மாவே இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறாள் ஒரு மூன்றாம் வகுப்புக்காரி. மூன்றாவது கருத்தில் ஒரு றகரம் ரகரமாக இருக்கிறது. பார்த்தேன், பென்சிலையும் எடுத்தேன், விட்டுவைத்துவிட்டேன். உங்கள் மெய்ப்புப் பிரிவு நண்பர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்