பதினாறு புள்ளிக்குள் ஒரு முகம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய விளையாட்டின் முதல் வடிவத்தை மூன்று இரவுகள் உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். "பிக்சல் படங்கள் இந்தக் காலத்துக்கு எடுபடுமா, அம்மா?" என்று நீ தொலைபேசியில் கேட்டபோது அவசரமாக ஏதோ சொல்லிவிட்டேன். அது போதாது என்று தோன்றியதால் நிதானமாக எழுதுகிறேன்.

சதுரப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அடுக்கி வரையும் இந்தப் படங்கள் எடுபடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பழைய நினைவுகளைக் கிளறுவதால்தான் அவை எடுபடுகின்றன என்று உன் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 1981-இல் வெளிவந்த டாங்கி காங் விளையாட்டில் வாயை வரைய இடம் போதாததால்தான் மரியோவுக்கு மீசையும், தலைமுடியை வரைவது கடினமாக இருந்ததால் தொப்பியும் வந்தன. 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே வடிவம்தான். நிறம் மட்டுமே வேறு. நினைவகம் குறைவாக இருந்ததால் எதை வரைவது, எதை விடுவது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அப்படி விட்ட இடத்தை ஆடுபவரின் கற்பனை நிரப்பிக்கொண்டது. தொண்ணூறுகளின் நடுவில் வந்த முப்பரிமாண முகங்கள் பல இன்று பார்க்கச் சகிக்காமல் இருப்பதற்கும், அதே காலத்துப் பிக்சல் முகங்கள் இன்னும் உயிரோடு இருப்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். முன்னவை நிஜத்தைப் போல இருக்க முயன்று தோற்றன, பின்னவை அந்தப் போட்டிக்கே போகவில்லை.

2018-இல் வந்த செலெஸ்ட் விளையாட்டை நாம் இருவரும் மாறி மாறி ஆடியது உனக்கு நினைவிருக்கும். காற்றில் பாயும் ஆற்றலைச் செலவிட்டவுடன் அதன் நாயகி மேடலினின் சிவப்பு முடி நீலமாகிவிடும். திரையின் மூலையில் அளவுகோல் எதுவும் தேவைப்படவில்லை. விரல் நுனியளவு உருவத்தில் நிறம் மாறிய அந்தச் சில புள்ளிகளே, இனிப் பாய முடியாது என்று சொல்லிவிட்டன. முடியின் ஒவ்வோர் இழையும் தனித்தனியாக அசையும் உருவத்தில் அந்தச் செய்தி இவ்வளவு விரைவாகக் கண்ணில் பட்டிருக்குமா?

இனி உன் விளையாட்டுக்கு வருகிறேன். சிறுமியின் முகம் மிக அழகு. பதினாறுக்குப் பதினாறு புள்ளிக் கட்டத்துக்குள், கண்ணை ஒரு புள்ளி கீழே இறக்கியே அவளுடைய தயக்கத்தைக் காட்டிவிட்டாய். ஆனால் அவள் பாறையிலிருந்து விழும்போது உருவத்தை அப்படியே சாய்த்துச் சுழற்றியிருக்கிறாய். அந்த நொடியில் சதுரப் புள்ளிகள் சாய்சதுரங்களாகி, அதுவரை நான் நம்பிய உலகம் கலைந்துவிடுகிறது. பின்னணி மரங்களின் புள்ளி ஓர் அளவிலும் அவளுடைய புள்ளி வேறோர் அளவிலும் இருப்பதும் கண்ணை உறுத்துகிறது. சுழற்றாமல், விழும் நிலைகளை ஒவ்வொன்றாகக் கையால் வரைந்துவிடு. வேலை கூடும், தெரியும். பிக்சல் என்றால் குறைந்த உழைப்பு என்று நினைப்பவர்கள், ஸ்டார்டியூ வேலி என்ற பிக்சல் விளையாட்டை ஒரே மனிதர் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து 2016-இல்தான் வெளியிட்டார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பழைய படங்களை அப்படியே நகலெடுப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அவை படக்குழாய் கொண்ட பழைய பெட்டித் தொலைக்காட்சிக்காக வரையப்பட்டவை. 1991-இன் சோனிக் விளையாட்டில் அருவி, இடைவெளி விட்ட செங்குத்துக் கோடுகளாகவே வரையப்பட்டிருந்தது. அந்தக் காலத்துத் திரையில் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, நீர் ஊடுருவித் தெரிவது போல இருக்கும். இன்றைய கூர்மையான திரையில் வெறும் கோடுகள்தான் தெரியும். ஆகவே இன்றைய திரையை மனத்தில் வைத்தே நீ வரைய வேண்டும். நீ தேர்ந்தெடுத்திருக்கும் 240 புள்ளிவரி உயரத்தை 1080 வரித் திரைக்குப் பெருக்கினால் நாலரை மடங்கு வருகிறது. அதனால் சில புள்ளிகள் நான்கு வரியும் சில ஐந்து வரியுமாகி, காட்சி நகரும்போது விளிம்புகள் நடுங்குகின்றன. 320-க்கு 180 என்று மாற்றினால் சரியாக ஆறு மடங்கு. 2160 வரி கொண்ட 4கே திரையில் பன்னிரண்டு.

இவற்றில் முதலில் அந்த விழும் காட்சியை மட்டும் திருத்தி அனுப்பு. அதற்குள் இரண்டாம் குகையை இன்னொரு முறை ஆடி, எங்கெல்லாம் புள்ளியளவு மாறுகிறது என்று குறித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா