அந்தப் பதிவேட்டில் என் கணவரின் படை எண் எதற்கு?

படைக் குடும்ப நலப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்களுக்கென்று கவுன்சிலிங் அறை திறந்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அங்கே வந்து நான் பட்டதையும் நீங்கள் கேட்க வேண்டும்.

கணவர் போர்முனைக்குப் போய் ஐந்தாவது மாதம். போனில் பேசிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ராத்திரியில் தெருவில் வண்டி நின்றாலே, செய்தி சொல்ல வந்துவிட்டார்களோ என்று நெஞ்சு அடைக்கும், காலடிச் சத்தம் எந்த வீட்டுப் பக்கம் போகிறது என்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். தூக்கமே போய்விட்டது. ஒருநாள் தண்ணீரைக் கொட்டிய பிள்ளையை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன், அது பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. மறுநாளே உங்கள் அறைக்கு வந்தேன். பதிவேட்டில் முதலில் கணவரின் பெயர், பதவி, படை எண். அப்புறம்தான் நான். கடைசியில் ‘வந்த காரணம்’. பின்னால் இரண்டு பேர் நிற்க, ‘தூக்கமின்மை’ என்று எழுதினேன்.

அடுத்த வாரம் அவர் பேசியபோது முதல் கேள்வியே, "வீட்டில் என்ன பிரச்சினைன்னு மேலதிகாரி கேட்கிறார், யார்கிட்ட என்ன சொன்னே?" என்பதுதான். கிடைத்த பத்து நிமிடமும் அதிலேயே போனது. நான் அங்கே மறுபடி வரவில்லை.

நாங்கள் சொல்வது எங்கள் கணவர்களின் மேலதிகாரிகளுக்குப் போகக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லுங்கள், அதில் மறுப்பில்லை. மற்றபடி ஆலோசகர் படைக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும்.

இது என் ஒருத்தியின் பலவீனம் இல்லை. அமெரிக்க ராணுவத்தினரின் மனைவியர் இரண்டரை லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2010-இல் ஓர் ஆய்வு வந்தது. கணவர் போர்முனையில் இருந்தவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் தூக்கக் கோளாறும் கூடுதலாக இருந்தன, கணவர் அங்கே அதிக மாதங்கள் இருந்தவர்களுக்கு இன்னும் அதிகம். விழா மேடையில் எங்களைத் தியாகிகள் என்கிறீர்கள். ஒவ்வொரு இடமாற்றத்திலும் வேலையை விடுகிறோம், பிள்ளைகளின் பள்ளியை மாற்றுகிறோம், பழகின முகங்களை இழக்கிறோம், இதையெல்லாம் யாரிடம் சொல்வது? அழுதால்கூட அவருடைய பதவி உயர்வு கெடுமோ என்று பயந்து அழ வேண்டியிருக்கிறது.

கோபத்தில் ஏதேனும் அதிகமாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அந்தப் பதிவேட்டை எடுத்துவிடுங்கள், நாங்கள் பேசுவது அந்த அறையோடு நிற்கும் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். கொடுத்த அன்றே வருகிறேன். பக்கத்து வீடுகளில் இன்னும் இரண்டு பேர் தூங்காமல் இருக்கிறார்கள், அவர்களையும் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு படைவீரரின் மனைவி