ஹீட்டர் கம்பியைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில், வாளியில் போட்டிருந்த வாட்டர் ஹீட்டர் கம்பியில் மின்சாரம் தாக்கி இளம்பெண் ஒருவர் இறந்த செய்தி வந்திருந்தது. அவருடைய வயது, கணவரின் தொழில், எத்தனை பிள்ளைகள், எந்த மருத்துவமனைக்குத் தூக்கிப்போனார்கள், எந்தக் காவல் நிலையத்தில் வழக்கு என்பது வரை எல்லாம் இருந்தது. அந்தக் கம்பியைப் பற்றி மட்டும் ஒன்றுமில்லை. யார் தயாரித்தது, எந்தக் கடையில் வாங்கியது, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்ததா, டூ பின் பிளக்கா த்ரீ பின் பிளக்கா, வீட்டில் டிரிப்பர் (மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கிற கருவி) மாட்டியிருந்தார்களா? வாசகருக்கு உயிர்போகிற விஷயம் இதுதானே. கணவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று தெரிந்து நாங்கள் என்ன செய்யப்போகிறோம்?

உங்கள் பத்திரிகையை மட்டும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்படிப்பட்ட சாவு ஒன்று காகிதத்தில் எப்படிக் கரைந்துபோகிறது என்பது எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

வார்டில் வேலை முடிந்த கேஸ் ஷீட்டுகள் கட்டுக்கட்டாக எங்கள் அறைக்கு வரும். ஒவ்வொன்றுக்கும், நோய்களுக்கும் இறப்புக் காரணங்களுக்கும் எண் கொடுக்கிற உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. பட்டியலைப் பார்த்துக் குறியீடு போடுவோம். மருத்துவமனையில் இறந்தவருக்கு, இறப்பின் காரணத்தை மருத்துவர் எழுதித்தரும் படிவம் 4 என்று ஒன்று உண்டு. மருத்துவமனைக்கு வெளியே இறந்தவருக்கு 4ஏ. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி வந்தவை. அதில் இயற்கை மரணமா, விபத்தா, வேறா என்று கேட்டிருக்கும். அதையொட்டி ‘காயம் எப்படி ஏற்பட்டது?’ என்று ஒரு கேள்வியும் உண்டு. படிவம் போட்டவருக்கு அறிவிருந்திருக்கிறது, கேட்கவேண்டியதைக் கேட்டிருக்கிறார். பதில் எழுதுகிற இடத்தில் நான் பார்த்ததெல்லாம் ‘எலக்ட்ரிக் ஷாக்’ என்ற இரண்டு சொற்கள்தான். இரவுப் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவர் அதற்குமேல் எழுத நேரம் கிடைக்காதவர். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

அந்த இரண்டு சொற்களுக்கு நாங்கள் போடக்கூடிய குறியீடு டபிள்யூ 87.0. ‘விவரம் குறிப்பிடப்படாத மின்சாரம், இடம்: வீடு’ என்று அர்த்தம். ஹீட்டர் கம்பி என்று மருத்துவர் எழுதியிருந்தால் டபிள்யூ 86 ஆகும். அப்போதும் மிக்ஸியா, அயர்ன்பாக்ஸா, கம்பியா என்பது அந்த எண்ணில் தெரியாது. ‘குறிப்பிடப்பட்ட வேறு மின்சாரம்’ என்பதோடு சரி. இந்த எண்களைத்தான் மேலே அனுப்புகிறோம். காவல் துறை தரும் எண்களைத் தொகுக்கும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரண அறிக்கையையும் புரட்டிப் பாருங்கள். மின்சாரம் தாக்கி ஆண்டுக்கு 12,000 பேருக்கு மேல் இறப்பதாக ஒரு வரி இருக்கும். தோட்டத்துக் கம்பிவேலியில் சிக்கியவரும், கம்பத்தில் ஏறிய ஊழியரும், மார்கழிக் குளிரில் பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணீர் சுடவைத்தவளும் அந்த ஒரே வரிக்குள்தான் இருக்கிறார்கள்.

காவல் துறைப் பக்கம் என்ன நடக்கிறது? சந்தேக மரணம் என்று வழக்குப் பதிவார்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டம் 194. யாரும் அடித்துக் கொல்லவில்லை என்று உறுதியானால் விசாரணை முடிந்தது. சம்பவ இடத்தில் கண்டதைக் காவலர் எழுதும் பார்வை மகஜரில் வாளியும் கம்பியும் வரலாம், வராமலும் போகலாம். துக்க வீட்டில் அதற்குள் யாராவது ஒரு பெரியவர், “அந்த எழவெடுத்த கம்பிய மொதல்ல தூக்கிக் குப்பைல போடுங்கப்பா” என்று சொல்லியிருப்பார். போட்டும்விடுவார்கள். சாட்சி அதோடு போயிற்று. பிறகு மிஞ்சுவது, “சுவிட்ச அணைக்காமக் கைய விட்டுட்டா” என்ற பேச்சு. செத்தவள்மேல் கவனக்குறைவு என்ற பழியும் ஏறிவிடும்.

சுவிட்சை அணைக்காமல் கை விடுவது தவறுதான். ஆனால் ஒழுங்காகச் செய்யப்பட்ட கம்பியாக இருந்து, வீட்டு எர்த்தும் டிரிப்பரும் சரியாக இருந்தால் அந்தத் தவறுக்குச் சாவு தண்டனையாக இருக்காது. என் கொழுந்தனார் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவர் கடையிலேயே உட்கார்ந்து இரண்டு கம்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உள்ளே இருக்கிற வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். உலோகக் குழாய்க்குள் சூடாகும் கம்பிச் சுருள். சுருளும் குழாயும் ஒட்டாதபடி நடுவில் மெக்னீசியம் ஆக்சைடு தூள். குழாயில் கீறல் விழுந்தாலோ, மேல் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கினாலோ தூள் நனைந்து மின்சாரம் குழாய்க்கும் தண்ணீருக்கும் வரும். முத்திரையுள்ள கம்பியில் மூன்று பின் பிளக் இருந்தது, குழாயோடு எர்த் ஒயர் சேர்த்திருந்தது, தண்ணீர் எதுவரை நிற்கவேண்டும் என்று கோடும் போட்டிருந்தது. கசிகிற மின்சாரம் எர்த் வழியாக இறங்கும். 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர் அதைக் கண்டுகொண்டு விழுந்துவிடும். இன்னொன்று விலையில் பாதிகூட இல்லை. டூ பின். எர்த்துக்கு இடமே கிடையாது. அட்டையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள்; தயாரித்தவர் பெயரோ முகவரியோ இல்லை. “இதையும் ஏன் வாங்கி வைக்கிறீங்க?” என்றேன். “அண்ணி, நான் வைக்கலேன்னா ஜனங்க எதிர்த்த கடைக்குப் போவாங்க” என்றார். பண்டிகைக்கு வீட்டுக்கு வருகிறவர் என்பதால் அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்தால் கோபித்துக்கொள்வார், கோபிக்கட்டும்.

இந்தக் கம்பிக்கு ஐ.எஸ். 368 என்று தரநிலை இருக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் வெளியிட்ட எச்சரிக்கை அறிவிப்பில், முத்திரையில்லாத எரிவாயு அடுப்பு, தையல் எந்திரம் ஆகியவற்றோடு இந்த ஹீட்டர் கம்பியையும் பெயர் சொல்லியே சேர்த்திருந்தார்கள். எந்தச் சாமான் ஆபத்தானது என்பது டெல்லிக்குத் தெரியாமல் இல்லை. நம் ஊரில் அதனால் யார் செத்தார்கள் என்பதுதான் அங்கே போய்ச் சேர்வதில்லை.

போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியாவில் நடந்ததைச் சொல்லவேண்டும். என் அக்கா மகன் சியோலில் ஆராய்ச்சிக்காகப் போய் இருந்தபோது சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறகு நானாகத் தேடித் தேடிப் படித்தேன். அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று வறண்டுபோகும் என்று, தண்ணீரை ஆவிபோல் விடுகிற ஒரு கருவியை அறையில் வைப்பார்கள். அதன் தொட்டியில் பாசி பிடிக்காமல் இருக்க ஒரு திரவத்தைத் தண்ணீரிலேயே ஊற்றுவார்கள். 1994ஆம் ஆண்டிலிருந்து கடைகளில் விற்றது. குழந்தைகளுக்கும் பாதுகாப்பானது என்று விளம்பரம் வேறு. பி.எச்.எம்.ஜி. போன்ற கிருமிநாசினிகள் அதில் இருந்தன. தோலில் பட்டால் பெரிதாக ஒன்றும் செய்யாத பொருள் மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் என்ன செய்யும் என்று விற்பதற்கு முன்னால் யாரும் ஒழுங்காகச் சோதிக்கவில்லை. 2006 வாக்கிலேயே குழந்தைகள் நல மருத்துவர்கள் சிலர், ஒவ்வொரு வசந்த காலத்திலும் காரணம் தெரியாத நுரையீரல் நோயோடு பிள்ளைகள் வந்து இறப்பதைக் கவனித்திருக்கிறார்கள். வைரஸாக இருக்கும் என்று தேடினார்கள், கிடைக்கவில்லை. 2011 வசந்தத்தில் சியோலின் ஆசான் மருத்துவமனைக்குக் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்ற தாய்மாரும் ஒருவர்பின் ஒருவராக அதே நோயோடு வந்தார்கள். மருத்துவர்கள் அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தெரிவித்தார்கள். அங்கிருந்து வந்தவர்கள் வீட்டில் என்னென்ன பொருள் உபயோகித்தீர்கள் என்று நோயாளிகளையும் மற்றவர்களையும் கேட்டு ஒப்பிட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று திரவத்தின்மேல் விரல் நீட்டினார்கள், நவம்பரில் கடைகளிலிருந்து எடுத்தார்கள். அதற்குள் 17 ஆண்டுகள் ஓடிவிட்டன. பாதிக்கப்பட்டதாக விண்ணப்பித்தவர்களில் இறந்தவர்கள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். நிறுவன அதிகாரி மக்கள் முன்னால் குனிந்து மன்னிப்புக் கேட்டதெல்லாம் 2016இல்.

அந்தப் பதினேழு ஆண்டுகளில் எத்தனை கேஸ் ஷீட்டுகள் என்னைப்போல் ஒருத்தியின் மேசைக்கு வந்து, ‘காரணம் தெரியாத நுரையீரல் நோய்’ என்று எண் வாங்கிக்கொண்டு அலமாரிக்குப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். வீட்டில் என்ன சாமான் வாங்கினாய் என்று கேட்கும் கட்டம் அந்தத் தாளிலும் இருந்திருக்காது.

அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே மாநிலங்களிடமிருந்து இறப்புச் சான்றிதழ்களை விலை கொடுத்து வாங்குகிறது. ஏறக்குறைய 100 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில், காயத்தோடு வந்தவருக்கு எந்தப் பொருளால் வந்தது என்று தனியாகக் குறியீடு போடுகிறார்கள். என் வேலையேதான், ஒரு கட்டம் கூடுதல். தன் பொருளால் பெரும் ஆபத்து இருப்பதாகத் தகவல் கிடைத்த நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குச் சொல்லியாகவேண்டும். ஆனால் நிறுவனத்தின் பெயரை ஆணையம் பொதுவெளியில் சொல்வதற்கு ஆணையத்தை அமைத்த அதே சட்டத்தின் 6(பி) பிரிவு முட்டுக்கட்டை போடுகிறது. ஃபிஷர் பிரைஸ் நிறுவனத்தின் ‘ராக் அண்ட் ப்ளே’ என்ற சாய்வுத் தொட்டில் 2009இல் இருந்து விற்றது. 2019 ஏப்ரலில் ஏறக்குறைய 47 லட்சம் தொட்டில்களைத் திரும்பப் பெற்றபோது, அதில் 30க்கு மேல் குழந்தைகள் இறந்திருந்தன. பெயரை மறைக்காமல் ஆணையம் கைதவறி அனுப்பிய தகவல் ஒரு நுகர்வோர் பத்திரிகையின் கைக்குக் கிடைத்ததால்தான் அது அம்பலமாயிற்று. ஆகவே அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. எழுதி வைத்திருந்தார்கள், அதனால் கைதவறவாவது ஒன்று இருந்தது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரத்தை மத்திய ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. முத்திரையில்லாத பிரஷர் குக்கர்களை விற்கவிட்டதற்காக 2022இல் அமேசான் நிறுவனத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, விற்ற 2,265 குக்கர்களைத் திரும்பப் பெறச் சொன்னது. (அது உயர் நீதிமன்றம் போனது வேறு கதை.) அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு மாவட்ட ஆட்சியருக்கே விசாரித்து ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரம் தருகிறது. திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் வரிசையில் நிற்கிறோம். கம்பி ஆளைக் கொன்றது என்று மனு கொடுத்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கொடுக்கலாம் என்று யாரும் சொன்னதில்லையே. 86ஆம் பிரிவு இன்னும் நல்லது: தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால் விற்ற கடைக்காரர் பொறுப்பு. பெயரில்லாத கம்பியை விற்றவர் பெயரில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. (கொழுந்தனார் கவனிக்க.) இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவேண்டும். போவதற்குக் கம்பி வேண்டும், பில் வேண்டும். கம்பிதான் குப்பையில் கிடக்கிறதே.

சமையல் எரிவாயுவைப் பாருங்கள். சிலிண்டர் வெடித்து ஒருவர் இறந்தால் எண்ணெய் நிறுவனங்களின் காப்பீட்டில் 6 லட்சம் ரூபாய் வரை உண்டு. பணம் தருவதற்காகவாவது யாரோ ஒருவர் ரெகுலேட்டரையும் டியூபையும் பார்த்து எழுதியாகவேண்டும். ஹீட்டர் கம்பிக்கும், குளியலறைக்குள்ளேயே மாட்டிய கேஸ் கீசர் விடுகிற கார்பன் மோனாக்சைடுக்கும் அப்படிப் பார்க்க ஆளில்லை. கீசர் சாவுகள் ‘குளியலறையில் மயங்கி விழுந்து’ என்று உங்கள் பத்திரிகையில் வருகின்றன.

ஆகவே, என் கோரிக்கை இது. காவல் நிலையம் அனுப்பும் செய்திக் குறிப்பை அப்படியே போடாமல், உங்கள் நிருபர் இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேசட்டும். பொருள் எங்கே இருக்கிறது, மகஜரில் ஏறியதா என்று உதவி ஆய்வாளரைக் கேட்கலாம். எந்தக் கடை, எவ்வளவு நாளாக உபயோகித்தார்கள் என்று வீட்டாரைப் பதினைந்து நாள் கழித்துக் கேட்கலாம். முதல் நாளே கேட்பது மனிதர் செய்கிற காரியமல்ல. முத்திரை இருந்தால் அதன் கீழே சி.எம்./எல். என்று ஓர் உரிம எண் இருக்கும், முத்திரை தருகிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையா போலியா என்று கைபேசியிலேயே தெரிந்துவிடும். செய்தியின் கடைசியில், கம்பியை எறியாதீர்கள், நுகர்வோர் உதவி எண் 1915 என்று ஒரு வரி போடுங்கள். சினிமாப் பக்கத்தில் அரை அங்குலம் குறைந்தால் யாரும் அழமாட்டார்கள்.

பெயரைப் போட்டால் நிறுவனம் வழக்குப் போடும் என்று உங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள், நியாயமான பயம்தான். விசாரணை முடியும்வரை பெரிய நிறுவனத்தின் பெயரை விட்டுவிடுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் ‘முத்திரையில்லாத, டூ பின் பிளக் உள்ள, தயாரிப்பாளர் முகவரி இல்லாத கம்பி’ என்று எழுத என்ன தடை? பெயரே இல்லாத கம்பிக்காக மானநஷ்ட வழக்குப் போட நீதிமன்றத்துக்கு எவர் வருகிறார் என்று பார்க்க எனக்கும் ஆசைதான். வந்தால் முகவரியாவது கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவப் பதிவேட்டுப் பணியாளர்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.