1,175 அல்ல, 821: வேலர்ஸ் பட்டியல் தொகுக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் பட்டியலின் முதல் வரியில் ரான் ஃபிரான்சிஸ் பெயருக்கு எதிரே 1,186 ஆட்டம், 1,175 புள்ளி என்று போட்டிருக்கிறாய். கூட்டல் சரிதான், ஆனால் அது அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் வேலர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் கணக்கு இல்லை. வேலர்ஸுக்காக அவர் ஆடியது 714 ஆட்டம். 264 கோல், 557 அசிஸ்ட் (கோலுக்கு உதவியது), ஆக 821 புள்ளி. மிச்சமுள்ள 472 ஆட்டமும் 354 புள்ளியும் பல வருடம் கழித்து கரோலைனா ஹரிகேன்ஸ் சட்டையில் வந்தவை. 1997இல் வேலர்ஸ் அணி கனெக்டிகட்டை விட்டு வட கரோலைனாவுக்குப் போய் ஹரிகேன்ஸ் ஆனபோது ஊர், பெயர், நிறம் எல்லாம் மாறின. உரிமம் மட்டும் மாறவில்லை. அதனால் சாதனைப் புத்தகமும் லாரியில் ஏறிப் போய்விட்டது. நீ எண் எடுத்தது அந்தப் புத்தகத்திலிருந்து.

இந்த இடத்தில் கண்டிப்பாக இரு. ஹார்ட்ஃபோர்ட்டுக்காகப் பனியில் இறங்கியவர்கள் பட்டியல் என்றால், 1997 ஏப்ரல் 13ஆம் தேதியோடு கோடு போட்டுவிட வேண்டும். அன்று டாம்பா பே லைட்னிங்கை 2-1 என்று வென்றதுதான் வேலர்ஸின் கடைசி ஆட்டம். கெவின் டினீன் அடித்ததுதான் கடைசி கோல். அதற்குப் பிறகு வந்த ஒரு நிமிடம்கூட உன் கணக்கில் சேரக்கூடாது.

முடிவைப் போலத் தொடக்கத்தையும் தீர்மானிக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான பட்டியல்கள் ஒருபக்கமாகச் சாய்கின்றன. அணி பிறந்தது 1972-73 சீசனில், என்ஹெச்எல் என்ற முதன்மை ஹாக்கி லீக்குக்குப் போட்டியாக நடந்த டபிள்யூஹெச்ஏ லீக்கில், நியூ இங்கிலாந்து வேலர்ஸ் என்ற பெயரில், பாஸ்டன் நகரில். முதல் வருடமே வின்னிபெக் ஜெட்ஸை வென்று கோப்பை எடுத்தார்கள். 1975 ஜனவரியில் ஹார்ட்ஃபோர்ட் சிவிக் சென்டர் அரங்கம் திறந்ததும் அங்கே குடியேறினார்கள். 1979இல் எட்மன்டன், கியூபெக், வின்னிபெக் அணிகளோடு சேர்ந்து என்ஹெச்எல்லுக்குள் வந்தபோதுதான் 'ஹார்ட்ஃபோர்ட்' என்ற பெயர் வந்தது. டபிள்யூஹெச்ஏவில் 7 சீசன், என்ஹெச்எல்லில் 18 சீசன். டபிள்யூஹெச்ஏ எண்களை என்ஹெச்எல் தன் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்ப்பதில்லை.

என்ஹெச்எல் பட்டியலை மட்டும் எடுத்தால் யார் விழுந்துபோகிறார்கள் என்று பார். லாரி ப்ளோ அந்த ஏழு டபிள்யூஹெச்ஏ சீசனும் இந்த ஒரே அணிக்கு ஆடியவர். என்ஹெச்எல் ஹார்ட்ஃபோர்ட்டுக்கு ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஜான் மெக்கென்சியும் அப்படித்தான். ஆனால் அவருடைய 19ஆம் எண் சட்டையை இனி யாரும் அணியக்கூடாது என்று அணி ஓய்வு கொடுத்து வைத்தது. அரங்கத்தின் கூரையில் சட்டை தொங்கிய மனிதர் பட்டியலில் இல்லை என்றால் அது என்ன பட்டியல்? அதனால் இரண்டு லீக்கையும் எடு, ஆனால் இரண்டின் எண்களையும் ஒன்றாகக் கூட்டாதே.

இப்போது எக்செல் வேலை. ஆளுக்கு ஒரு வரி என்று தொடங்கியிருக்கிறாய், அதை மாற்று. ஒரு ஆள், ஒரு சீசன், ஒரு அணி, ஒரு லீக் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் ஒரு வரி. வழக்கமான சீசனும் பிளேஆஃபும் (சீசன் முடிந்ததும் நடக்கும் கோப்பைச் சுற்று) தனித்தனிப் பத்திகளில் இருக்கட்டும். மொத்தத்தை நீ தட்டச்சு செய்யாதே, எக்செல் கூட்டட்டும். பெயரை அடையாளமாக வைக்காமல், பெயரோடு பிறந்த தேதியையும் சேர்த்து வை. காரணம் சொல்கிறேன்.

கிரெக் ஆடம்ஸ் என்று உன்னிடம் ஒருவர் இருக்கிறார், 1982-83இல் ஹார்ட்ஃபோர்ட்டில் ஆடியவர். அவர் 1960இல் பிறந்தவர். ஆனால் நீ அவருக்குப் போட்டிருக்கும் நியூ ஜெர்சி, டல்லஸ் எண்களெல்லாம் 1963இல் பிறந்த இன்னொரு கிரெக் ஆடம்ஸுடையவை. இருவரும் ஒரே காலத்தில் லீக்கில் ஆடியதால் எண்ணைப் பார்த்து சந்தேகமே வராது. பிறந்த தேதி ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

இதைவிடச் சிக்கலானது 'எம். ஹோ'. பழைய ஆட்டக் குறிப்புகளில் முதலெழுத்து மட்டும்தான் இருக்கும். கார்டி ஹோவின் மகன்கள் மார்க், மார்ட்டி இருவருக்கும் அதே முதலெழுத்து. என்ஹெச்எல்லில் இருவரும் தற்காப்பில் ஆடியவர்கள். 1977இல் அப்பாவும் மகன்களுமாக மூவரும் ஹியூஸ்டனிலிருந்து சேர்ந்தே வந்தார்கள். 1979-80இல் மார்ட்டி ஆடியது 6 ஆட்டம்தான், எனவே அந்த வருடத்தின் 'எம். ஹோ' கிட்டத்தட்ட எப்போதும் மார்க். ஆனால் மார்ட்டி பாஸ்டனில் ஒரு சீசன் ஆடிவிட்டு 1983இல் திரும்பி வந்தபோது மார்க் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. 1979-80 முதல் 1981-82 வரை என்றால் பெரும்பாலும் இளையவர் மார்க், 1983க்குப் பின் என்றால் நிச்சயம் மூத்தவர் மார்ட்டி. 1980-81இல் மார்க்குக்கு 63 ஆட்டம்தான் இருப்பதைப் பார்த்து எண் விடுபட்டதோ என்று தேடாதே. 1980 டிசம்பர் 27இல் வலைச் சட்டத்தின் அடித்தகட்டில் இருந்த கூர்முனை மீது சறுக்கி விழுந்து ஆழமாகக் குத்திக்கொண்டார். உயிரே போயிருக்கும். அதன் பிறகுதான் லீக் அந்த வலைச் சட்டத்தின் வடிவத்தை மாற்றியது.

அவர்களுடைய அப்பா கார்டியின் வரிகளை ஒருமுறை நீயே கையால் நிரப்பிப் பார், முறை பிடிபட்டுவிடும். கார்டி ஹோ, டபிள்யூஹெச்ஏ, 1977-78: 76 ஆட்டம், 34 கோல், 62 அசிஸ்ட். 1978-79: 58 ஆட்டம், 19 கோல், 24 அசிஸ்ட். என்ஹெச்எல், 1979-80: 80 ஆட்டம், 15 கோல், 26 அசிஸ்ட். அந்த சீசனில்தான் அவருக்கு 52 வயது நிரம்பியது, ஓர் ஆட்டம்கூடத் தவறவிடவில்லை. பிளேஆஃபில் மான்ட்ரியாலுக்கு எதிராக 3 ஆட்டம், ஒரு கோல், ஒரு அசிஸ்ட். சரிபார்க்க ஒரு வழி: டெட்ராய்ட்டில் அவர் அடித்த 786 கோலோடு இந்த 15ஐக் கூட்டினால் என்ஹெச்எல் மொத்தம் 801 வர வேண்டும். 801க்கு மேல் வந்தால் டபிள்யூஹெச்ஏ கோல் எங்கோ உள்ளே நுழைந்துவிட்டது. பாபி ஹல்லுக்கும் இதே சோதனை: சிகாகோவில் 604, வின்னிபெக்கில் 4, ஹார்ட்ஃபோர்ட்டில் 2, மொத்தம் 610. ஹார்ட்ஃபோர்ட்டில் அவருக்கு 9 ஆட்டம்தான். அந்த 9 ஆட்டத்தையும் மற்றவர்களுடையதைப் போலவே ஒரு முழு வரியாக எழுது.

எண் அதிகமாகத் தெரிந்தால் உடனே வெட்டிவிடாதே. டக் ஜார்விஸுக்கு 1985-86இல் 82 ஆட்டம் என்று வந்ததை, "சீசனே 80 ஆட்டம்தானே" என்று 80ஆகத் திருத்தியிருக்கிறாய். அது பிழையில்லை, தம்பி. வாஷிங்டனில் 25 ஆட்டம் ஆடிவிட்டு டிசம்பரில் ஹார்ட்ஃபோர்ட் வந்தார், இங்கே 57. அப்போது வாஷிங்டனுக்கு மீதமிருந்ததைவிட ஹார்ட்ஃபோர்ட்டுக்கு இரண்டு ஆட்டம் கூடுதலாக மீதமிருந்தது. அவருடைய 964 தொடர் ஆட்டச் சாதனையின் கணக்கே இதில்தான் நிற்கிறது: 80 ஆட்டம் வீதம் 12 சீசனுக்கு 960, இந்தக் கூடுதல் 2, பிறகு 1987 அக்டோபரில் 2. நீ 80 என்று போட்டால் 962 வரும். அந்தச் சாதனை 2022 வரை நின்றது. உன் பட்டியலில் அந்த சீசனுக்கு அவர் பெயருக்கு எதிரே 57 மட்டும் வர வேண்டும். 25 வாஷிங்டனுக்குப் போய்விடும்.

சீசன் நீளமும் ஒரே மாதிரி இருந்ததில்லை. என்ஹெச்எல்லில் 1979-80 முதல் 1991-92 வரை 80, அடுத்த இரண்டு சீசன் 84, கதவடைப்பால் சுருங்கிய 1994-95 வெறும் 48, அதன் பிறகு 82. 1994-95இல் ஒருவருக்கு 48 என்று இருந்தால் அவர் எல்லா ஆட்டமும் ஆடியிருக்கிறார் என்று அர்த்தம்.

யார் ஆடினார், யார் ஆடவில்லை என்பதில் மூன்று பேரை நீக்க வேண்டும், அல்லது வேறு தாளுக்கு மாற்ற வேண்டும். முதல் ஆள் கென் லின்ஸ்மன். 1982 ஆகஸ்ட்டில் மார்க் ஹோவைக் கொடுத்து அவரை வாங்கினார்கள், வாங்கிய கையோடு எட்மன்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். வர்த்தகப் பட்டியலில் இருப்பார், பனித்தளத்தில் இருந்ததில்லை. அடுத்தது பிங்ஹாம்டன் வேலர்ஸில் மட்டும் ஆடியவர். அது கீழ்நிலை லீக்கில் இருந்த பயிற்சி அணி, வேறு கணக்கு. பிளிமத் வேலர்ஸ் என்ற இளையோர் அணியும் அப்படியே. 'வேலர்ஸ்' என்ற சொல்லை மட்டும் தேடினால் இவையெல்லாம் சேர்ந்து கொட்டும். மூன்றாவது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாற்று கோலி (வலைகாப்பவர்). அவர் முழுக் கவசத்தோடு அறுபது நிமிடமும் காத்திருந்தாலும், உள்ளே இறங்கவில்லை என்றால் ஆட்டக் கணக்கில் வராது.

கோலிகளுக்குத் தனித் தாள் போடு. அவர்களுக்கு நிமிடம்தான் அடிப்படை. விட்ட கோலை 60ஆல் பெருக்கி, நின்ற நிமிடத்தால் வகுக்க வேண்டும். நீ ஆட்ட எண்ணிக்கையால் வகுத்திருக்கிறாய். 40 நிமிடம் நின்று 2 கோல் விட்டவருக்கு உன் கணக்கில் 2.00 வரும், சரியான விடை 3.00. பாதியில் மாற்றப்பட்ட கோலிகள் எல்லோருமே உன் தாளில் உண்மையைவிட நல்லவர்களாகத் தெரிகிறார்கள்.

ஒவ்வொரு சீசனையும் முடித்ததும் இரண்டு கூட்டல் போட்டுப் பார். ஆட்டக்காரர்களின் கோல்களைக் கூட்டினால் அணி அடித்த மொத்தக் கோல் அப்படியே வர வேண்டும். எதிரணியே தவறித் தன் வலையில் தள்ளினாலும், கடைசியாகப் பக் என்ற ரப்பர் வட்டைத் தொட்ட நம் ஆளின் பெயரில்தான் எழுதுவார்கள். வேலர்ஸ் காலத்தில் ஷூட்அவுட் (சமனான ஆட்டத்தைத் தீர்க்க ஒவ்வொருவராக அடிப்பது) கிடையாது, ஆகவே ஒன்றுகூட இடறாது. கோலிகள் விட்ட கோலோடு, கோலியை வெளியே எடுத்த நேரத்தில் காலி வலையில் விழுந்ததையும் கூட்டினால் அணி விட்ட மொத்தம் வர வேண்டும். ஒன்றிரண்டு குறைந்தால் ஒன்றிரண்டு ஆட்டம் மட்டும் ஆடிய யாரோ ஒருவர் விடுபட்டிருக்கிறார். பெரிய பெயர்கள் விடுபடுவதே இல்லை, விடுபடுவது எப்போதும் இந்தச் சின்ன வரிகள்தான்.

பெரிய பெயர்களுக்கும் சின்ன வரி உண்டு. பிரெண்டன் ஷனஹான் 1995-96இல் 44 கோல் அடித்தவர். 1996-97இல் ஹார்ட்ஃபோர்ட்டுக்கு 2 ஆட்டம் மட்டும் ஆடிவிட்டு டெட்ராய்ட் போனார். அந்தப் பரிமாற்றத்தில் வந்த பால் காஃபி 20 ஆட்டத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கிளம்பிவிட்டார். டினீன் இரண்டு முறை ஆடியவர்: 1984 முதல் 1991 வரை, பிறகு 1995 டிசம்பர் முதல் கடைசி நாள் வரை. ஆள் ஒருவர், ஆனால் காலம் இரண்டு. '1984-97' என்று ஒரே கோடாக எழுதினால் நடுவில் அவர் ஃபிலடெல்ஃபியாவில் ஆடியது அழிந்துபோகும்.

படங்களை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முயன்றிருக்கிறாய். நல்ல முயற்சி, ஆனால் சட்டை எண்ணை மட்டும் நம்பாதே. ஷனஹான் மற்ற அணிகளில் பெரும்பாலும் 14 அல்லது 19. ஹார்ட்ஃபோர்ட்டில் 19 மெக்கென்சிக்காக ஓய்வில் இருந்தது, அவர் அணிந்தது 94. கிளென் வெஸ்லி ஹார்ட்ஃபோர்ட்டில் 20. ரிக் லேயின் 2ஆம் எண்ணும் அங்கே ஓய்வில் இருந்தது. கரோலைனா அந்த ஓய்வைக் கைவிட்டதும் வெஸ்லி 2க்கு மாறினார். நிறம் இன்னும் நல்ல தடயம். வெளியூர்ச் சட்டை பச்சை என்றால் 1991-92க்குள், கருநீலமும் வெள்ளியும் என்றால் 1992-93க்குப் பின். முழுநீளக் கால்சட்டை போட்டிருந்தால் அது 1982-83 சீசன், வேறு எதுவும் இல்லை. அடுத்த வருடம் லீக் அதைத் தடை செய்துவிட்டது. அந்தக் காலத்தில் சொந்த அரங்கில் வெள்ளைச் சட்டைதான் வழக்கம், ஆகவே பச்சையில் இருப்பவரைப் படம் எடுத்த ஊர் பெரும்பாலும் ஹார்ட்ஃபோர்ட் இல்லை. 1978 ஜனவரி 18 முதல் 1980 பிப்ரவரி 6 வரை எடுத்த வெள்ளைச் சட்டைப் படமும் ஹார்ட்ஃபோர்ட் இல்லை. பனிப்பாரம் தாங்காமல் அரங்கின் கூரை இடிந்து விழுந்து, அணி ஸ்பிரிங்ஃபீல்டில் ஆடிய காலம் அது.

பச்சைச் சட்டையில் செபாஸ்டியன் ஆஹோ இருக்கும் படத்தை உன் தொகுப்பிலிருந்து எடுத்துவிடு. அது 2018 டிசம்பர் 23 முதல் கரோலைனா பழைய சட்டையை நினைவுக்காக அணிந்து ஆடிய ஆட்டங்களில் ஒன்று. வேலர்ஸ் ஊரைவிட்டுப் போனது 1997 வசந்தத்தில், ஆஹோ பிறந்தது அந்த வருடம் ஜூலையில்.

ஃபிரான்சிஸ் வரிக்கே திரும்புகிறேன். 1991 மார்ச் 4 அன்று அவரையும் உல்ஃப் சாமுவெல்சனையும் கிரான்ட் ஜென்னிங்ஸையும் பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்தார்கள். அந்த வருடமும் அடுத்த வருடமும் பிட்ஸ்பர்க் கோப்பை வென்றது. ஹார்ட்ஃபோர்ட்டின் ஆட்டக்காரர் வரலாற்றில் இதைவிடப் பெரிய இழப்பு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். நீ எழுதிய 1,175இல் இந்த முறிவு தெரியவே இல்லை, ஏழு வருட பிட்ஸ்பர்க் காலம் நடுவில் மறைந்துபோய் ஒரே ஓட்டமாகத் தெரிகிறது. 821 என்று எழுதி, காலத்தை 1981-91 என்று போடு.

பிறகு ஜான்-செபாஸ்டியன் ஜிகேரைச் சேர். கடைசி சீசனில் 8 ஆட்டம் நின்ற இளம் கோலி, உன் தாளில் இன்னும் இல்லை. வேலர்ஸுக்கு ஆடியவர்களில் என்ஹெச்எல்லில் கடைசியாக ஆடியவர் அவர்தான், 2013-14 வரை. 'கடைசி ஆட்டம்' என்று ஒரு பத்தி வைத்திருக்கிறாயே, அதில் மிகப் பிந்தைய தேதி அவருடையது.

அன்புடன்,
அண்ணன்