வண்டியைத் தூக்குவதற்கு முன் ஒரு வார்த்தை

பிக்கப் வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தோப்புக்குள் போய் இளநீர் ஏற்றுகிறவர்கள், வால்பாறை எஸ்டேட்டுக்குச் சாமான் கொண்டுபோகிறவர்கள் என்று மழை தொடங்கியதிலிருந்து வந்த பலரும் கேட்பது ஒன்றுதான்: "அடி தட்டுதுங்க, கம்மி செலவுல ரெண்டு இஞ்ச் தூக்கிக் குடுங்க." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறோம்.

முதலில் எது தட்டுகிறது என்று குனிந்து பாருங்கள். பின் ஆக்ஸிலில் உருண்டையாகத் தொங்கும் ஹவுசிங் (பல்சக்கரங்கள் இருக்கும் கூடு) என்றால், வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையில் என்ன வேலை செய்தாலும் காசு வீண். பட்டை தூக்குவது சேஸையும் சாமான் ஏற்றும் தொட்டியையும்தான். ஹவுசிங் சக்கரத்தோடு இருந்த இடத்திலேயே இருக்கும். அது உயர டயர் பெரிதாக வேண்டும். அதிலும் விட்டம் 2 இஞ்ச் கூடினால் உயரம் 1 இஞ்ச்தான்.

சேஸோ டீசல் டேங்கோ தட்டினால் சரி, பட்டையைப் பார்க்கலாம். வருஷக்கணக்கில் ஓவர்லோடு ஏற்றிய வண்டியில் பட்டை படுத்துப்போயிருக்கும். நீங்கள் கேட்கும் உயரத்தில் பெரும்பகுதி, கம்பெனி கொடுத்ததை லோடு தின்றதுதான். கழற்றி, உடைந்த பட்டையை மாற்றி, வளைவு ஏற்றிப் போட்டாலே திரும்பி வந்துவிடும். வளைவைச் சூடு காட்டாமல் அடித்தே ஏற்றுவோம். கேஸ் நெருப்பில் காட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பதம் போய்விடும்.

கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தால் லோடு தாங்கும். காலி வண்டி எகிறிக் குதிக்கும். பட்டையின் முனையைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போட்டால், கூட்டிய நீளத்தில் ஏறக்குறையப் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். முன் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் உயரத்துக்காகக் கட்டை வைக்க மட்டும் கேட்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது அங்கே முறுக்கு அதிகம். கட்டை நழுவினால் ஸ்டியரிங் உங்கள் பேச்சைக் கேட்காது. பட்டையை ஆக்ஸிலோடு இறுக்கிப் பிடிக்கும் பழைய யு போல்ட்டையும் திரும்பப் போட மாட்டோம். 500 கிலோமீட்டர் ஓடியதும் வந்து ஒருமுறை முறுக்கிக்கொண்டு போங்கள், அதற்குக் காசு இல்லை.

பலர் மறப்பது பிரேக்கை. தொட்டிக்கு அடியில், பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பியால் இணைந்த வால்வு பல பிக்கப்களில் உண்டு. பின்பக்கம் தாழ்ந்தால் லோடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். வண்டியை உயர்த்திவிட்டுக் கம்பியைச் சரிசெய்யாவிட்டால், முழு லோடிலும் காலி வண்டி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். ஆழியாருக்கு 40 கொண்டை ஊசி வளைவு இறங்குகிறவருக்கு இது விளையாட்டில்லை. வேறெங்கோ தூக்கிய ஒரு வண்டி இங்கே வந்தபோது அந்தக் கம்பியையே கழற்றி ஒயரால் கட்டியிருந்தது! பிரேக் ஹோஸ், ஷாக் நீளம், புரொபெல்லர் ஷாஃப்ட் கிராஸில் வரும் சத்தம் எல்லாம் அப்புறம் நாங்களே பார்த்துவிடுவோம்.

கம்பெனி உயரத்துக்கும் மேலே வேண்டுமென்றால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாருங்கள். அனுமதியில்லாமல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தத்தில் வந்துவிட்டது. ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

வரும்போது தொட்டியைக் காலி செய்து, அடிப்பக்கம் தண்ணீர் அடித்துக் கொண்டுவாருங்கள். சேறு அப்பியிருந்தால் உடைந்த பட்டை கண்ணில் படாது.

இப்படிக்கு,
உங்கள் பட்டைப் பட்டறை, பொள்ளாச்சி